பேரிலை கை வையாதை

குஞ்சு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். உன் சுகம் கேட்க வாய் வரவில்லை. இதை வீட்டில் உன் படத்துக்கு முன்னால் உன் அக்கா வாசிப்பாள். வவுனியாவை விட்டு வந்து, நீ வேலை செய்த உரும்பிராய்க் கம்பனியில்தான் தேத்தண்ணி ஊற்றுகிறேன்.

இன்று அலுவலகப் பிள்ளை உதயகலா ஊழியர் விபரக் கணினியில் உன்னை அழிக்கப் போனாள்.

“ஆள் செத்தால் பேரை எடுக்கோணும் அன்ரி.”

ஒவ்வொரு பெயருக்கும் கீழே தொலைபேசி, மொழி என்று கட்டங்கள். சிலதில் இரண்டு மூன்று பதில், சிலதில் ஒன்றுமில்லை.

“கட்டம் வெறுமையெண்டாலும் பேர் நிக்குமோ பிள்ளை?”

“ஓம், நிக்கும்.”

“அப்ப தொலைபேசியை அழி. பேரிலை கை வையாதை. வீட்டுப் பேர் குஞ்சு எண்டும் சேர்.”

முகத்தைச் சுளித்துக்கொண்டு சேர்த்தாள்.

அக்கா என் மூக்குக்கண்ணாடியை அனுப்பட்டும். உன் பேர் நிற்கிறதா என்று தினமும் நானே பார்க்க வேண்டும். கேத்திலில் தண்ணீர் கொதிக்கிறது, நிறுத்துகிறேன். மேலதிகாரி என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. இப்போது நீ யாருக்குக் கீழே வேலை செய்கிறாய்?