ஒய்பிக்கு எடுத்து வைத்த தண்ணீர்

ஞாயிறு, இரவு

கோப்பெங் அருகே பழைய ரப்பர்த் தோட்டச் சாலையில் இன்று டிரையத்லான் ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். நீந்தி, சைக்கிள் மிதித்து, அதன் பிறகும் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கடைசியாக வந்தவர் என் வயதுப் பெண்மணி. மேசையில் தண்ணீர் தீர்ந்திருந்தது. மேசைக்கு அடியில் ஐஸ்பெட்டி நிறைய போத்தல்கள்.

"அதுல கை வைக்காதீங்க அண்ணே, ஒய்பி வர்றாரு லா," என்றான் பொறுப்பாளர் குமரன். ஒய்பி என்றால் எங்கள் சட்டமன்ற உறுப்பினர்; அந்தத் தண்ணீர் அவருக்காம்.

"அவரும் ஓடிட்டு வர்றாரா?"

"போட்டோ எடுக்க வர்றாரு."

பெட்டியைத் திறந்து ஒரு போத்தலை அந்தப் பெண்மணியிடம் கொடுத்தேன். இன்னொன்றை அவர் தலையில் ஊற்றினேன்.

"நேரம் இருக்கா அண்ணே? முடிஞ்சிட்டா மெடல் தர மாட்டாங்க," என்றார் அவர்.

"இருக்கு, ஓடுங்க," என்றேன், கடிகாரத்தைப் பார்க்காமலே.

"அடுத்த வருஷம் நீங்க வர வேணாம்," என்றான் குமரன். நானும் சரியென்று தலையாட்டிவிட்டேன். இப்போது அதுதான் உறுத்துகிறது.

ஒய்பி வரவேயில்லை. மீந்த போத்தல்களைக் குமரன் எல்லாருக்கும் பங்கிட்டான், எனக்கும் ஒன்று. அது இன்னும் திறக்கப்படாமல் என் முன்னால் இருக்கிறது. அந்தப் பெண்மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க, எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.