சிங்கில் தங்காத தண்ணீர்

அக்கா,

சிங்கில் மறுபடி நாற்றம் வந்தால் என்னைத் திட்டாதே. சமையல் சோடா தூவி, வினிகர் விட்டு, நுரை அடங்கியதும் வெந்நீர் ஊற்றிவிட்டேன். குழாயில் அழுக்கு இல்லை.

சிங்குக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாடையைத் தடுப்பது அதுதான். அந்தத் தண்ணீர் தினமும் காணாமல் போகிறது. ஒழுகவும் இல்லை, அடியில் வைத்த வாளி காய்ந்தே கிடக்கிறது.

பிளம்பர் அண்ணனிடம் கேட்டேன். "மாடியில யாராவது சிங்க் நிறைய தண்ணி பிடிச்சு ஒரேயடியா திறந்துவிட்டா, உங்க தண்ணியையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடும்மா" என்றார்.

மாடியில் யார்? அங்கே குடியிருந்த டீச்சர் இறந்ததிலிருந்து அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி நம்மிடம்தான் இருக்கிறது.

சாப்பாடு மேடையில் மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று, "டம்ளரையும் உடைச்சுட்டு, வாயில்லாப் பூச்சி மாதிரி வேற நிக்கிறியா?" என்றாயே. டம்ளரைக் காணோம், அவ்வளவுதான். உன் டம்ளரை நான் உடைக்கவில்லை, அக்கா.

பி.கு: மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பூட்டு அப்படியே இருந்தது. தரையெல்லாம் தூசி, என் காலடி மட்டும்தான் பதிந்தது. ஆனால் சிங்க் ஈரமாக இருந்தது. பக்கத்தில் உன் டம்ளர், கழுவிக் கவிழ்த்தபடி. நான் தொடவில்லை.

இன்னொன்று: இறங்கி வந்து இதை எழுதும்போதே நம் சிங்க் களக்கென்று உறிஞ்சியது. சீட்டை வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறேன். சாப்பாடு கிடக்கட்டும். நீ உள்ளே போகாதே, நேராக என் லேபுக்கு வந்துவிடு.