ஒரு தலைமுடிக்கு இரண்டு நேர்த்திக்கடன்

என் தங்கச்சி சரசுவுக்கு,

நீ எங்கே இருக்கிறாயோ, அங்கே உன் கால்கள் கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும். பஸ் படி ஏறி ஏறித் தேய்ந்த கால்கள் அவை. இப்போது அந்தப் படிகளில் நான் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

உன் முதல் வருடத் திதி நெருங்குகிறது. உன் வீட்டுக்காரர் ஃபிளெக்ஸ் அடிக்கப் படம் தேடினார். நீ பாதிக் கண் மூடியிருக்கும் படத்தைத்தான் எடுத்து வைத்திருக்கிறார். "இதுலதான் மதினி, அவ என்னையத் திட்டாம சிரிச்ச மாதிரி இருக்கு" என்கிறார். படத்துக்குக் கீழே போட நாலு வரி கேட்டார். எழுத உட்கார்ந்தேன். அது இப்படி நீண்டுவிட்டது. வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும், நான் உன்னிடம்தான் பேசுகிறேன்.

பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, போய்ப் பார்த்துவரும் உன் வேலையை, ஆள் கிடைக்கும்வரை என்னைப் பார்க்கச் சொன்னார்கள் உன் ஆபீஸில். உன்னோடு நாலு வீடு போய் வந்தவள், ஓய்வு பெற்ற டீச்சர், சும்மாதானே இருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஆள் இன்னும் கிடைக்கவில்லை. மேற்பார்வையாளர் என்று ஒரு அட்டை கழுத்தில் தொங்குகிறது. ஆனால் டவுன் பஸ் கண்டக்டர் முதல் எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சில நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். நீ இருபது வருடமாக இதை எப்படிச் செய்தாய் சரசு? வீட்டுக்கு வந்து எப்படி எங்களோடு சிரித்துப் பேசினாய்?

இந்த வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு நான் ஒரு உதாரணம் சொல்வேன். வகுப்பு டீச்சர் உடம்புக்கு முடியாமல் நீண்ட விடுப்பில் போகிறார். இன்னொரு டீச்சர் வந்து வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார். முதல் டீச்சர் குணமாகி வந்தால் வகுப்பு அவருடையது. வளர்ப்புக் குடும்பமும் அப்படித்தான், தத்து அல்ல. சரி, பிள்ளைகளுக்கு அந்த இன்னொரு டீச்சரை மிகவும் பிடித்துப்போயிருந்தால்? முப்பது வருடம் வகுப்பெடுத்த எனக்கு அதற்கு விடை தெரியாது.

நீ கடைசிவரை போய்ப் பார்த்துவந்தாயே ஒரு பாப்பா, அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. பெயர் சொல்லக் கூடாது என்று நீயே என் வாயைப் பொத்துவாய். அதனால் பாப்பா என்றே எழுதுகிறேன். பெற்றவளுக்கு ராணி என்றும் வளர்த்தவளுக்குச் செல்வி என்றும் நானாகப் பெயர் வைத்துக்கொள்கிறேன்.

ராணி புருஷனைப் பறிகொடுத்தவள், அதோடு காசநோய். பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். தம்பி ஒருவன் உண்டு, அவனும் வெளியூரில் கூலி. குன்றாண்டார்கோவில் பக்கம் செல்வி வீட்டில் நீதான் கொண்டுபோய் விட்டாய். செல்வி மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, மாடும் கோழியுமாக இருந்தவள். பாப்பா அவளை அம்மா என்றாள். மாதம் ஒருமுறை பார்க்க வந்த ராணியை ராணிம்மா என்றாள்.

ராணி முழுக்கத் தேறிவிட்டாள், சரசு. ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிப்பருப்புக்குத் தோல் உரிக்கிற வேலை. வறுக்கிற புகைப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி அம்மாவிடம் அனுப்பலாம் என்று குழந்தைகள் நலக் குழுவில் முடிவானது. பிள்ளை போவதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போன பிறகு செல்வியைப் பார்க்க ராணி விடுவாளா என்பதுதான் என் கவலை. விடச் சொல்லி எந்தச் சட்டமும் அவளைக் கட்டாயப்படுத்தாது. நிறைகுடத்தை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றும்போது இரண்டு பேரும் கொஞ்சநேரம் சேர்ந்து பிடித்திருக்க வேண்டாமா? ஒருத்தி வெடுக்கென்று பிடுங்கினால் தண்ணீர் பாதி தரையில்தான்.

சித்திரை வெயிலில் ஒருநாள் ராணியை அழைத்துக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போனேன். பாப்பாவுக்கு நாலு வயதாகியும் கத்தி படாத தலை. வரும்போதெல்லாம் மடியில் உட்காரவைத்துப் பின்னிவிடுவது ராணியின் வழக்கம். அன்றும் புது ரிப்பன் வாங்கி வந்திருந்தாள்.

பாப்பா ஓடி வந்தாள். மொட்டைத் தலை. அதில் காய்ந்த சந்தனம்.

ராணி ரிப்பனைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"யாரு இது? யாரைக் கேட்டு முடி எடுத்தீங்க?"

செல்வி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "புள்ளைக்கு நல்ல காய்ச்சல்த்தா. கண்ணு சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போறோம், மூச்சு இருக்கா இல்லையான்னே தெரியல. எங்க கருப்பர வேண்டிக்கிட்டேன். பொழைச்சு எந்திரிச்சா முடி தாரேன்னு."

"ஒங்க கருப்பருக்கா? எம்புள்ள மொத முடி எங்க காளிக்கு நேந்தது! ஆஸ்பத்திரில ரத்தம் ரத்தமா துப்பிக்கிட்டுக் கெடக்கையில நேந்தது! அவ அப்பன் வழிச் சாமி. செத்துப்போன மனுசனுக்கு நான் செய்யிறதுக்கு வேற என்ன இருக்கு?"

வெளியூர்க்காரர்களுக்கு இது மயிர் சமாச்சாரமாகத் தெரியலாம். நம் பக்கத்தில் முதல் முடி எந்தக் குலசாமிக்குப் போகிறதோ, பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. ராணியின் காதில் விழுந்தது அதுதான். இனி இவள் எங்கள் பிள்ளை என்று செல்வி சொல்லிவிட்டதாக.

"எங்கிட்ட ஒரு போன் போட்டுக் கேக்க வேணாமா?" என்று நானும் கேட்டேன். சடங்கு எதுவானாலும் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பது விதி.

செல்வி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "புள்ள சாகக் கெடக்கையில யார்ட்ட டீச்சர் பெர்மிசன் கேக்குறது? ஒங்ககிட்ட கேக்க நேரமில்ல. சாமிகிட்ட கேட்டேன்."

நியாயம்தான். ராணி சொன்னதும் நியாயம்தான். இரண்டு தாய்மார்கள், இரண்டு ஆஸ்பத்திரிகள், ஒரே தலைமுடி. நீயாக இருந்தால் அந்த வாசலில் யார் பக்கம் போய் நின்றிருப்பாய்?

ராணி பாப்பாவை இழுத்துத் தூக்கினாள். "இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன். இனிமே இந்தம்மா எம்புள்ள இருக்கிற தெசைக்கே வரக் கூடாது டீச்சர். எழுதிக்கங்க." பாப்பா செல்வியை நோக்கிக் கையை நீட்டி அலறினாள். செல்வி ஒரு அடி எடுத்து வைத்தாள், நின்றுவிட்டாள்.

"கூட்டிட்டுப் போ. ஒம்புள்ளதான். ஆனா அது காதப் பாத்துட்டுப் போ."

ராணி பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். மொட்டை போட்ட சூட்டோடு காது குத்துவதுதானே நம் வழக்கம்? பாப்பாவின் காதுகள் இரண்டும் பிறந்தபோது இருந்த மாதிரியே இருந்தன.

"அன்னைக்குப் பத்தர் ஊசியோட நிக்கிறாரு. எந்தம்பியும் 'நான் மடியில வச்சுக்கிறேங்க்கா'ன்னு ஒக்காந்துட்டான். எந்திரிடான்னுட்டேன். தாய்மாமன் உசுரோட இருக்கையில இன்னொருத்தன் மடியில ஒக்கார வைக்க நான் யாரு? முடிதான் கடன்பட்டேன், குடுத்தேன். புள்ளைய எடுத்துக்கல."

ராணி பிள்ளையை மடியில் வைத்தபடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். செல்வி உள்ளே போய் மோர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். அதை அவள் குடிக்கவில்லை. நாங்கள் கிளம்பியபோது பாப்பாவை இறக்கிவிட்டு, "டீச்சர் சொல்ற தேதியிலயே வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். குழுவில் செல்வியைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

ஆவணியில் பாப்பா அம்மாவிடம் போனாள். போன அடுத்த வாரம் காளி கோவிலில் காதுகுத்து. எனக்குப் பத்திரிகை வந்தது. செல்விக்கு வரவில்லை. நான்தான் ராணிக்குப் போன் போட்டேன். "வந்தா வரட்டும் டீச்சர், கோயிலு எல்லாருக்கும் பொதுதானே" என்றாள். அந்த அழைப்பைக் கொண்டுபோய்ச் செல்வியிடம் கொடுத்தேன். காதுகுத்து அன்று அவள் பழம், தட்டு, குட்டிச் சட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, கூட்டத்துக்கு வெளியே ஆலமர வேரில் உட்கார்ந்துகொண்டாள்.

அரை விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்த முடியை மறுபடி வழித்தார்கள். தாய்மாமன், மருமகளின் தலையைத் தடவிப் பார்த்து, "என்ன புள்ள, ஒரே வருசத்துல ரெண்டு சாமிக்கு மொட்டையா? இனிமே ஒன்னைய எந்தப் பேயும் அண்டாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ராணிகூட.

ஊசி இறங்கியதும் பாப்பா கத்திய கத்தலில் ஆலமரத்துக் காக்கைகள் கலைந்தன. "அம்மா! அம்மா!" ராணி வாரி எடுத்தாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலாகக் கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டே அழுதது. செல்வி எழுந்தாள், பிறகு மெல்ல உட்கார்ந்துகொண்டாள். தட்டை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ராணி அதைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை.

"அங்கிட்டு ஒக்காந்துக்கிட்டு என்னக்கா வேடிக்க பாக்குறீங்க? இங்கிட்டு வாங்க. தேம்புது, வந்து வாங்குங்க."

செல்வி வந்து வாங்கினாள். ராணியின் கை பிள்ளையின் முதுகிலேயே இருந்தது.

நான் இத்தோடு முடித்திருப்பேன் சரசு. நல்ல முடிவுதானே என்று நினைத்தேன். "மாசம் ஒருதரம் வாங்கக்கா" என்று ராணி வாய் நிறையச் சொல்லித்தான் அனுப்பினாள். ஆனால் செல்வி போகவில்லை. இந்த மாதமும் போகவில்லை. நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டே சொன்னாள்:

"போவேன் டீச்சர். போயிட்டு எப்படித் திரும்பி வாரது? நான் பஸ் ஏறயில அது கத்தும். அப்புறம் ராத்திரிக்கு அந்தப் பொண்ணுதான தனியா வச்சுக்கிட்டு மல்லுக்கட்டணும்? நான் போகாம இருந்தா அது மறந்துரும்ல?"

"மறக்கணுமா செல்வி?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான படிச்சவங்க."

ராணி என்னிடம் சொன்னதை அவளிடம் சொன்னேன்: "சந்தனம் பூசுன அம்மா ஏன் வரல?" என்று பாப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். செல்வி தவிட்டுக் கையோடு அப்படியே நின்றாள். அதற்குள் எனக்கு ஆபீஸிலிருந்து போன். அண்ணன் தங்கையாக இரண்டு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், உடனே ஒரு வீடு வேண்டும், செல்வியைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். அவள் எதிரிலேயே குரலைத் தாழ்த்தி, அவள் காதில் விழாதபடி, "இந்த வீடு இப்ப வேணாம், வேற பாக்குறேன்" என்றேன். வேறு வீடு கையில் இல்லை. நாளை திருவரங்குளம் பக்கம் போய்த் தேட வேண்டும்.

களைத்துவிட்டேன், தங்கச்சி. ஆள் கிடைத்ததும் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுவேன் என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிறு செல்வியைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, ராணி வீட்டுக்கு நானே கூட்டிப்போவேன். பாப்பா அழுவாள். அழட்டும். இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும்போதே அழட்டும். திரும்பி வரும்போது செல்விக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்து, ஊர் வரும்வரை ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த மாதமும் போவோம்.

ஃபிளெக்ஸுக்கு வேறு படம் கொடுத்துவிட்டேன், கண் திறந்திருக்கிற படம்.

நீ விட்டுப்போன பஸ்களில் போய்வந்துகொண்டிருக்கும்,
உன் பெரியக்கா