சாக்குத் துணிக் குல்லாய்

மே 3, திங்கள் (இப்போதைய ஜப்பான் கணக்கில் 2603)

விடிகாலை மழை. பதினொரு துணி காயவில்லை. அடுப்புக்கு மேல் கயிறு கட்டி உலர்த்தினேன். எல்லாவற்றிலும் புகை வாடை, பிள்ளை உட்பட.

அவள் அம்மா விட்டுப் போய் எட்டு மாதம். எதிர்வீட்டுச் சீனப்பெண் சியூ லான். சிப்பாய்கள் கூட்டிப்போன கணவனைத் தேடி ஜொகூர் பக்கம் கிளம்பினாள். "மூணு நாள், சிக்கு." டீச்சருக்கு மலாயில் சிக்கு. அப்போது மூன்று மாதக் குழந்தை. ‘மெய், மெய்’ என்று கூப்பிடுவாள். பங்கீட்டு அட்டைக்கு நான் மெய்யம்மை என்று எழுதினேன். இந்த நோட்டில் மெ.

பத்து மணிக்குப் புக்கிட் ரம்பாய் கிராமத்துக் கீரைக்காரி ஒரு செய்தி கொண்டுவந்தாள். சியூ லானின் அக்காள் ஞாயிறன்று பிள்ளையைப் பார்க்க வருகிறாளாம். சியூ லானைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றாள்.

பக்கத்து வீட்டுப் பார்வதி: "பாக்க வர்றவ பாத்துட்டு மட்டும் போவாளா, டீச்சரம்மா? தூக்கிட்டுப் போகத்தான் வர்றா."

எனக்கு முதலில் தோன்றியது: ஓர் இரவு முழுதாகத் தூங்கலாம். இரண்டாவது தோன்றியது அரை மணி கழித்து, தேங்காய் துருவும்போது. துருவுவதை நிறுத்திவிட்டு உட்கார வேண்டியிருந்தது.

வரிசையை மாற்றி எழுதக்கூடாது. முதலில் வந்தது முதலில்.

மே 4, செவ்வாய்

வெயில். மெ.வுக்குப் பல் முளைக்கிறது. நேற்று இருவரும் தூங்கவில்லை.

முப்பத்தோரு வருடம், வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். ஓய்வு பெற்றபோது என் பொறுமையைப் பற்றி நான்கு பேர் பேசினார்கள். அந்த நாற்பதும் மதியம் வீட்டுக்குப் போய்விடும் என்பதை ஒருவரும் குறிப்பிடவில்லை.

பயம் எப்படியெல்லாம் வருகிறது என்பதற்கு உதாரணங்கள்:

தூங்குகிறவளின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பது. நேற்று ஒன்பது தடவை.

லாரி சத்தம் கேட்டால் அவளைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டில் நிற்பது. லாரி போன பிறகும் நிற்பது.

இன்று மதியம். வீறிட்டு அழுதவளைத் தூளியில் போட்டுவிட்டுக் கொல்லையில் போய் நூறு வரை எண்ணப் பார்த்தேன். அறுபதில் அழுகை நின்றது. அது அதைவிட மோசம். ஓடிவந்தேன். தூங்கியிருந்தாள்.

பிறகு தையல். பங்குனியில் தொடங்கிய பழக்கம். பழைய புடவைக் கரைகளை வெட்டி மிருகங்கள். ஆமை, மீன், இப்போது யானை. ஊசி ஒன்றுதான் இருக்கிறது. கடையில் நூல் இல்லை. அன்னாசி இலையைச் சுரண்டி நார் எடுக்கிறேன். எட்டுத் தையலுக்கு ஒரு முறை அறுகிறது. முடிச்சுப் போட வேண்டும், அதற்குக் கண் அங்கேயே இருக்க வேண்டும். பயம் போகிறது என்று சொல்லமாட்டேன். குறுக்கே பேசாமல் இருக்கிறது. கடைசி வரிசைப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்தால் இருக்குமே, அதுபோல.

பார்வதி யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பன்னி நல்லா வந்திருக்கு, டீச்சரம்மா."

மெ. அதன் தும்பிக்கையைத் தின்கிறாள்.

மே 6, வியாழன்

மேகமூட்டம். அரிசி வரிசை. புதுப் பட்டியல் எழுதுகிறவர் கேட்டார்: "வயசு?"

"ஐம்பத்தாறு."

"புள்ளைக்கு வயசு கேட்டேங்க."

"பதினொரு மாதம்."

"தாயார் பேரு?"

"என் பேரையே போடுங்கள்."

என்னைப் பார்த்தார், மெ.வின் கண்ணைப் பார்த்தார். "அப்பா ஜாடை போல" என்றபடி எழுதிக்கொண்டார். வரிசையே சிரித்தது. நானும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல உடுப்பு வேண்டும். என்னிடம் கந்தையாகக் கிடந்தாள் என்று யாரும் சொல்லக்கூடாது. மாவு மூட்டைத் துணியில் வெள்ளைச் சட்டை, முடிந்தது. ஈரக்காற்று பட்டால் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அதற்கு ஒரு குல்லாய். துணி தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது கோணிச் சாக்கு. மூன்று தடவை வேகவைத்து, கல்லில் அடித்து, கையால் கசக்கி, மறுபடி கசக்கி, என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். பரவாயில்லை. ஓரத்தில் சிவப்புக் கரை வைக்க ஆசை. இருந்த ஒரே சிவப்பு யானையின் முதுகில். பிரிக்க மனமில்லை. வெறுமையாக விட்டேன்.

மூன்று மணி நேரம். அதற்குள் ஒரு தடவைகூட அவள் மூக்கருகே விரலைக் கொண்டுபோகவில்லை.

மே 8, சனி

வெயில். மூட்டை கட்டியாயிற்று: இடுப்புத் துணி எட்டு, சட்டை இரண்டு, ஆமை, மீன், யானை. கேழ்வரகு மாவு ஒரு டின். எப்படிக் கரைப்பது என்று ஒரு சீட்டு. சீட்டை மலாயில் எழுதினேன். அக்காளுக்குப் படிக்கத் தெரியுமோ என்னவோ.

கொடுப்பதுதான் முறை. உதாரணம், இரவல் புத்தகம். அட்டை போட்டேன், கிழிந்த பக்கத்தை ஒட்டினேன் என்பதற்காக அது என்னுடையதாகாது. உதாரணம் சரியாகத்தான் இருக்கிறது. உதவவில்லை.

பார்வதி குல்லாயைப் பார்த்து: "இதைப் போட்டுக்கிட்டு பெண்டஹாரா ரோட்டு மண்டிப் பக்கம் போயிறாதீங்க. வெங்காய மூட்டைன்னு எறக்கி வச்சிருவானுங்க."

சிரித்துவிட்டு, போகும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மே 9, ஞாயிறு

தூறல். மெ. வெள்ளைச் சட்டை, குல்லாய், என் இடுப்பில். பதினொன்றுக்கு அக்காள் வந்தாள். நாற்பது வயதிருக்கும், கையில் கூடை. எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். கூடையைக் கீழே வைத்தாள். பிறகு தானும் ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மலாயில் கேட்டாள்: "யார் சொன்னது, சிக்கு?"

"என்ன சொன்னது?"

"தங்கச்சி செத்தது."

பெற்றவர் இறந்தால் சீனர்களில் பிள்ளைகள் வெள்ளை உடுத்தித் தலையில் சாக்குத் துணி போடுவார்கள். இந்தத் தெருவில் எத்தனை சீனச் சாவு பார்த்திருக்கிறேன். தைக்கும்போது நினைவு வரவில்லை.

ஜொகூர் பக்கம் மூவாரில், காய்ச்சலில், ஐந்து வாரம் முன். கணவனைப் பற்றித் தகவல் இல்லை. என்னிடம் எதுவும் சொல்லாமல் பிள்ளையை வாங்கிப்போகத்தான் வந்திருக்கிறாள். புக்கிட் ரம்பாயில் பன்றி வளர்க்கும் ஒரு குடும்பம் பெண் குழந்தை கேட்கிறதாம். வளர்த்து, பிறகு தங்கள் மகனுக்கே கட்டிவைக்க. "அங்கே சோறு உண்டு, சிக்கு." அதுவும் நியாயம்தான்.

பிறகு சொன்னாள்: "நான் கூடப்பிறந்தவள். சிப்பாய்களுக்குப் பயந்துகொண்டு நான்கூடத் துக்கம் உடுத்தவில்லை. நீங்கள் உடுத்திவிட்டீர்கள்." மெ.வை வாங்கி, மூவார் இருக்கும் திசைக்குத் திருப்பி, தலையை மெதுவாக மூன்று தடவை குனியவைத்தாள். மெ. விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அக்காள் அவளை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். கூடையிலிருந்த மூன்று முட்டையை எடுத்துப் படியில் வைத்தாள். நடந்தாள்.

தவறான விடைக்கு மதிப்பெண். வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம்.

பிள்ளையோடு ஓடி, தெருமுனையில் அவளைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது. "எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு துணி இல்லை. காதுக்கு ஈரக்காற்று ஆகாது, அதற்காகத் தைத்தேன்."

குல்லாயைப் பார்த்தாள். கோபமா என்று தெரியவில்லை.

"சாக்கு குத்தாதா?"

"மூன்று தடவை வேகவைத்தேன்."

குல்லாய்க்குள் விரலை விட்டு உள்பக்கம் முழுவதும் தடவிப் பார்த்தாள், காது இருக்கும் இடத்தில் இரண்டு தடவை. "துக்கச் சாக்கை யாரும் வேகவைக்கமாட்டார்கள்" என்றாள். "குத்தத்தான் வேண்டும்."

மழை கொஞ்சம் வலுத்தது. அவள் நகரவில்லை.

"பன்றிக்காரனிடம் பிள்ளை வராது என்று சொல்லிவிடுகிறேன். துக்கம் ஏழு வாரம், அதுவரைக்கும் இதைப் போட்டுவிடுங்கள். இன்னும் இரண்டு வாரம்தான். அப்புறம் எரித்துவிட வேண்டும்."

போய்விட்டாள். கூடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மே 10, திங்கள்

வெயில். மூட்டையைப் பிரித்தாயிற்று. முட்டை ஒன்றைப் பார்வதிக்குக் கொடுத்தேன். "டீச்சரம்மாவுக்கு இன்னைக்குத்தான் புள்ள பொறந்திருக்கு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சந்தோஷம்தான். அதையும் எழுதிவைக்கிறேன். கூடவே இதையும்: எட்டு மாதமாக, முடியாமல் போகும்போதெல்லாம், இவள் அம்மா வருவாள் என்று ஒன்று இருந்தது. இன்றிலிருந்து அது இல்லை. மெ.வுக்குப் பதினைந்து வயதாகும்போது எனக்கு எழுபது. எத்தனை தடவை கூட்டினாலும் எழுபது. மதியம் மறுபடி மூக்கருகே விரல், பதினொரு தடவை.

என் கடைசி நல்ல புடவையை வெட்டினேன், அந்த நீலம். இரண்டு வயதுக்கு அளவு வைத்து ஒரு கவுன். ஓரத்தில் நான்கு விரல் உள்ளே மடித்திருக்கிறேன்.

பார்வதி: "எதுக்கு டீச்சரம்மா இம்புட்டு மடிப்பு?"

வருடா வருடம் பிரித்துவிட.

ஒரு பக்கம் தைத்து முடிந்தது. மற்றப் பக்கம் பாதி. தூளி ஆடுகிறது, எழுந்துவிட்டாள்