கணுக்கால் சுளுக்கு

திருப்பூர்
25.11.2024

உடற்கல்வி இயக்குநர் திரு. ராமர் அவர்களுக்கு,

மே மாதத்துடன் முடியும் தங்கள் பணிக்கு இரண்டாண்டு நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறீர்கள். மகளிர் வாலிபால் அணியின் பயிற்சியாளர் என்ற முறையில் தங்கள் மீதுள்ள குறைகள்:

1. 18.02.2023: மண்டல இறுதிப்போட்டியில் தோல்வி. தாங்கள் சொன்ன காரணம், பந்தில் காற்று குறைவு.

2. 07.08.2023: கல்லூரி அறக்கட்டளை உறுப்பினர் ரத்தினசாமியின் பேத்தியை ஆட்டம் முழுவதும் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். கேட்டவரிடம், "தாத்தா உயரம் பேத்திக்கு வரலையே" என்றிருக்கிறீர்கள்.

3. 21.09.2024: கோவையில் பல்கலைக்கழக அரையிறுதி. கேப்டன் அபிராமி ஆடவில்லை. பதிவேட்டில் கணுக்கால் சுளுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவச் சான்று இல்லை. மூன்று நேர் செட்டுகளில் நாம் தோற்றதை, மற்றக் கல்லூரிச் செயலாளர்கள் நடுவே முன்வரிசையில் அமர்ந்து பார்த்தேன்.

4. இருபத்தாறு ஆண்டுகளில் பதினொரு கோப்பைகள். கடைசிக் கோப்பை 2019இல். கோப்பைகளுக்கும் வயதாகிறது.

விளக்கம் தேவை.

வெ. தனபால்
செயலாளர்

---

29.11.2024

அன்புள்ள தனபால் அவர்களுக்கு,

பெயர் சொல்லி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே அணியில் நான் பந்தைத் தூக்கிக் கொடுக்க நீங்கள் அடித்த நாட்களின் உரிமை அது. வீட்டில் அனைவரும் நலமென நம்புகிறேன்.

முதல் குறையில் பந்தைப் பழித்தது என் தவறு. இரண்டாவதில், அந்தப் பெண்ணுக்கு வாலிபால் பிடிக்கவே பிடிக்காது. அவளே என்னிடம் சொன்னாள். நாலாவது கணக்கு சரி.

மூன்றாவதை நீங்கள் கேட்காமல் இருந்திருக்கலாம். அபிராமியின் அம்மா மூக்கம்மாள், வேலம்பாளையத்தில் உங்கள் பனியன் கம்பெனியில்தான் செக்கிங் வேலை பார்க்கிறார். அன்று காலை அபிராமி பஸ்ஸுக்கு வரவில்லை. தேடிக்கொண்டு கம்பெனி வாசலுக்கே போனேன். சூப்பர்வைசர் குமாரவேல் சொன்னார்: "ஏனுங்க சார், ஆள் பத்தலீங்க. கன்டெய்னர் இன்னைக்கே கிளம்போணும். பந்து எங்கீங்க போயிரப் போகுது? புள்ளையக் கூட்டியாரலீன்னா திங்கக்கெழம நீயும் வர வேண்டாம்னு அவங்கம்மாகிட்டச் சொல்லிப்போட்டனுங்க."

பிசிர் வெட்டும் கத்தரியோடு அபிராமி வெளியே வந்தாள். "கம்பெனிப் பேரை எழுதிறாதீக சார், அம்மாவை நிப்பாட்டிருவாக. சுளுக்குன்னு போட்டுக்கிடுங்க. எந்தக் காலுன்னு மட்டும் சொல்லுங்க, அந்தக் காலையே நொண்டிக்கிடுதேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதினேன். செயலாளரின் கம்பெனியே கேப்டனைப் பிடித்து வைத்தது என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரிய வேண்டாம் என்றும் நினைத்தேன்.

இது உங்களுக்குத் தெரியாமல் நடந்திருக்கும். தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். இரண்டு வருடம் கொடுங்கள். இந்தப் பிள்ளைகள் ஜெயிப்பார்கள்.

என்றும் அன்புடன்,
ராமர்

---

திருப்பூர்
09.12.2024

திரு. ராமர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இனி என்னைப் பதவி சொல்லி அழைக்கவும்.

குமாரவேலை விசாரித்தேன். அப்படிச் சொன்னது உண்மை என்கிறார். கன்டெய்னர் உரிய நேரத்தில் தூத்துக்குடி சேர்ந்தது. என்னைப் பொறுத்தவரை அந்த விஷயம் அதோடு முடிந்தது.

தோல்விகளை மட்டும் காட்டி நீட்டிப்பை மறுத்தால் தாங்கள் நீதிமன்றம் போகக்கூடும் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். இப்போது தோல்விகள் தேவையில்லை. பதிவேட்டில் பொய் எழுதியதாகத் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் கேட்டது விளக்கம். தாங்கள் தந்தது வாக்குமூலம்.

மூக்கம்மாளும் அபிராமியும் வெள்ளிக்கிழமை என் அறைக்கு வந்தார்கள். மகள் தன் விருப்பப்படியே வேலைக்கு வந்தாள் என்று தாய் எழுதிக் கொடுத்திருக்கிறார். சுளுக்கு எதுவும் இல்லை, பயிற்சியாளரே அப்படி எழுதிக்கொண்டார் என்று அபிராமி கையெழுத்திட்டிருக்கிறார். எழுதும்போது அழுதார். நான் அவசரப்படுத்தவில்லை.

தங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன.

தங்கள் கடிதத்தில் உறுதியாக இருக்கலாம். அப்படியானால் அது நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படும். பொய்க் காரணத்தால் போட்டியைத் தவிர்த்த மாணவி என்ற முறையில், விளையாட்டு ஒதுக்கீட்டில் அபிராமி பெற்ற கட்டணமில்லா இடம் ரத்தாகும். இரண்டாம் ஆண்டின் நடுவில் அவர் கல்லூரியை விட்டுப் போக நேரிடும். அவருடைய தாயாரின் வேலை பற்றிக் குமாரவேல் முடிவு செய்வார். அதில் நான் தலையிடுவதில்லை.

அல்லது, அபிராமி ஆடத் தயாராக இருந்தும் தங்கள் சொந்த முடிவில் அவரை நிறுத்தி, அதை மறைக்கச் சுளுக்கு என்று எழுதியதாக ஒப்புக்கொண்டு, 29ஆம் தேதிக் கடிதத்தையும் நீட்டிப்பு விண்ணப்பத்தையும் திரும்பப் பெறலாம். அப்படியானால் மாணவியின் இடத்தை யாரும் தொட மாட்டார்கள். தாங்களும் மே வரை காத்திருக்க வேண்டாம். இம்மாத இறுதியில் விடுவிக்கப்படுவீர்கள்.

பழைய உரிமை பற்றி எழுதியிருந்தீர்கள். தாங்கள் தூக்கிக் கொடுத்த பந்துகளை நான் அடித்தேன். இப்போதும் அதையே செய்கிறேன்.

இரண்டில் எது என்பதைத் தங்கள் கையெழுத்துடன், டிசம்பர் 12, வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் சேர்ப்பிக்கவும். வாய்மொழிப் பதில் ஏற்கப்படாது.

வெ. தனபால்
செயலாளர்