பவுண்டனுக்கு வெச்ச வெடி

கொட்டச்சேடு எஸ்டேட்
1911, மாசி

அப்பாவுக்கு, செங்கோடன் கும்பிட்டு எழுதறனுங்க. நான் சொகமா இருக்கறனுங்க. அம்மாவுக்கு மூச்சிரைப்பு தேவலைங்களா?

துரைக்குப் பங்களா வாசல்ல பவுண்டன் வேணுமாமுங்க. அவிய பாஷையில முந்தி அது மண்ணுல தானா வர்ற ஊத்துக்குப் பேராம். இப்ப கல்தொட்டியில பீச்சியடிக்கிற தண்ணியைச் சொல்றாங்களாம். எஸ்டேட் கணக்கெழுதற ரைட்டர் சொன்னாருங்க. அதுக்கு மேட்டு ஊத்துத் தண்ணி பத்தலைன்னு துரை கத்துனாரு. நம்மூருக் கெணத்துல வெடி வெச்சா ஊத்துக்கண்ணு தொறக்குமில்லீங்களா, அந்த நெனப்புல நானே அந்த ஊத்துப் பாறைக்கு வெடி வெச்சேன். பாறை பொளந்து, இருந்த தண்ணியும் உள்ள எறங்கிப் போயிருச்சுங்க.

மலைக்கார மாதப்பன் ஊட்டுச் சனமே அந்தத் தண்ணியிலதான் பொழைச்சுது. அருவாளோட வந்தான். "எம்புள்ளைங்க எதைடா குடிக்கும்?"னு ஒரே வெட்டு. துரை சவுக்கால அவன் மூஞ்சியைக் கிழிச்சுட்டாரு. மாதப்பன் மேல எனக்குக் கோவமில்லீங்க. தொட்டி காஞ்சு கெடக்கு, அடுத்த பாறையைப் பாருங்கறாரே இந்தத் துரை, அதுக்குத்தான் வயிறு எரியுது.

காயம் ஆறிருச்சு, பயப்படாதீங்க. எடது கை இன்னும் பழகலை, எழுத்து கோணலாத்தான் இருக்கும். இங்க குளிரு நொம்ப. தபால்காரர் கெளம்பறாரு, ஒண்ணே ஒண்ணுங்க. தையக்காரன்கிட்டச் சொல்லி ஒரு சட்டை அனுப்புங்க. வலது கைக்கு முழங்கை வரைக்கும் துணி போதுமுங்க.

செங்கோடன்