எல்லாம் ஜூன் பதினாலு

ஜூன் 15, ஞாயிறு

கிளவுடில் இடம் நிறைந்துவிட்டது என்று ஒரு வருடமாக மிரட்டிக்கொண்டே இருந்தார்கள். நேற்று ஒரு வழியாகப் படங்கள் மொத்தத்தையும் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கினேன். ஒவ்வொரு படத்தோடும் ஒரு பொடிக் கோப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. திறந்தால் வெறும் எழுத்தும் எண்ணும். குப்பை என்று அத்தனையையும் அழித்தேன். கிளவுடையும் துடைத்துவிட்டேன். வீட்டைக் கழுவிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி.

ஜூன் 16

நிம்மதி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அந்தப் பொடிக் கோப்புகளில்தான் தேதி இருந்ததாம்!

பழைய கேமராவில் நான் கடிகாரத்தைச் சரிசெய்ததே இல்லை. பிற்பாடு கிளவுடில் உட்கார்ந்து படம் படமாக என் கையால் போட்ட தேதிகள். எல்லாம் போச்சு. இப்போது அந்தக் கேமராவில் எடுத்தது எல்லாமே, நான் இறக்கின நாளான ஜூன் 14. பெரியவளுக்குப் பல் முளைத்தது, சின்னவள் பிறந்தது, இருவரும் சைக்கிளிலிருந்து விழுந்தது, எல்லாம் ஒரே சனிக்கிழமையில் நடந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக்கொண்டு, "இந்த எழுத்து தெரியுதா?" என்று நாள் முழுக்க ஊரைக் கேட்கிறவன் நான். என் கண் எங்கே போயிருந்தது?

ஜூன் 18

சின்னவளுக்கு வெளியூரில் வேலை. அடுத்த வாரம் ஞாயிறு கிளம்புகிறாள். ஆபீஸில் சேருகிற முதல் நாள் எல்லோரும் தங்கள் குழந்தைப் படம் ஒன்று கொண்டுவர வேண்டுமாம். சுவரில் ஒட்டி, யார் யார் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு.

"எனக்கு ஏதுப்பா குழந்தைப் படம்? எல்லாம் அக்காவோடதுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

"ஏன் இல்ல? எவ்வளவு எடுத்திருக்கேன்!"

"காட்டுங்க பாப்போம்."

காட்டுகிறேன். அவள் பெட்டியை மூடுவதற்குள் காட்டுகிறேன்.

ஜூன் 20

எங்கே காட்டுவது? இரண்டு பேருக்கும் நாலு வயது வித்தியாசம். ஆனால் குழந்தையில் ஒரே முகம். அதே தொட்டில், அதே ஜன்னல். பெரியவளுக்கு வாங்கிய மஞ்சள் பூப்போட்ட கவுனைத்தான் சின்னவளும் போட்டுத் தேய்த்தாள். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"பெத்தவ நானே முழிக்கிறேன். இதுல நீங்க ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க!"

ஜூன் 21

துணிந்து ஒரு படத்தை வீட்டு வாட்ஸப்பில் போட்டேன். 'இதோ நம்ம சின்னக்குட்டி.' பெரியவள் அவள் ஊரிலிருந்து உடனே போன் செய்தாள்.

"அப்பா, அது நான். பின்னாடி தாத்தா உக்காந்திருக்கார் பாருங்க. அவ பொறந்தப்போ தாத்தா ஏது?"

சின்னவள் கட்டைவிரலைத் தூக்கி ஒரு பொம்மை போட்டாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

ஜூன் 24

மதியம் கடையில் ஆள் இல்லை. படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேதி இல்லாமல் பார்ப்பது ஒரு விதமாகத்தான் இருக்கிறது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு படத்தில் பள்ளிக்கூடப் பையோடு வெளியே போகிறவள் அடுத்த படத்தில் தவழ்ந்து உள்ளே வருகிறாள். என் அப்பா இருக்கிறார், இல்லை, மறுபடி இருக்கிறார். ஜன்னல் வெயில் மட்டும் தரையில் நகராமல் கிடக்கிறது. கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன் போல. கண்ணாடி வாங்க வந்த அம்மாள் மேசையைத் தட்டி எழுப்பினார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. சில படங்களில் குழந்தைக்குப் பக்கத்தில், ஓரமாக, ஒரு பொடிக் கை. சிலதில் ஒரு முழங்கால். அக்காக்காரி! கை இருந்தால் அது சின்னவள்!

ஜூன் 26

இரண்டு நாளாகப் பொறுக்கிச் சேர்த்து, ஓடிப்போய்ச் சின்னவளிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இதுலயும் அக்கா கை."

"அதை வச்சுத்தாம்மா நீன்னு தெரியுது."

"தெரியுதுப்பா. நான் மட்டும்னு ஒண்ணு இல்லையா?"

இல்லை. 

ஜூன் 28, சனி

'கழிசல்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். கலங்கினது, கோணினது, விரல் மறைத்தது எல்லாம் அதில். துணி மடித்துக்கொண்டே சின்னவள்தான் அதைத் திறந்தாள்.

"அப்பா, இது யாரு?"

நான்தான். பாயில் மல்லாந்து, வாயைப் பிளந்து தூங்குகிறேன். படமே சாய்ந்திருக்கிறது, என் நெற்றியில் பாதி இல்லை. என் நெஞ்சின் மேல் மஞ்சள் கவுனில் ஒரு குழந்தை, நன்றாக விழித்துக்கொண்டு, கேமராவையே பார்க்கிறது. ஓரத்தில் கை கால் எதுவும் இல்லை. பெரியவளாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். 

"யார் எடுத்தது?" என்றேன். மனைவி, "நான் கேமராவைத் தொட்டதே இல்ல" என்றாள்.

சின்னவள் படத்தைப் பெரிதாக்கினாள். பின்னால் பீரோக் கண்ணாடி. அதற்குள் ஒரு குட்டிப்பெண், கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிறாள். பெரியவள்.

அப்படியென்றால் என் மேல் படுத்திருப்பது?

பெரியவளுக்குப் போன் போட்டோம். "ஆமா, உங்களுக்குத் தெரியாம எடுத்தேன். முழிச்சா அடி விழும்னு பயந்துட்டே எடுத்தேன்" என்று சிரித்தாள்.

எனக்கு அந்த மத்தியானம் நினைவில் இல்லை. எப்படி இருக்கும்? தூங்கிவிட்டேனே! சின்னவள் மடித்த துணியை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைக் காட்டவில்லை.

ஜூன் 29

பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். வீடு பெரிதாகிவிட்டது.

ஜூன் 30

தேதிகளை மறுபடி போடலாம் என்று உட்கார்ந்தேன். மனம் வரவில்லை. எல்லோரும் ஒரே நாளில் வீட்டில் இருக்கிறார்கள், இருக்கட்டுமே.

சாயங்காலம் சின்னவள் பேசினாள். "நீங்க தூங்குற படத்தைத்தான் ஒட்டினேன். முதல் ஆளே கண்டுபிடிச்சுட்டாங்கப்பா. உங்க மூக்கு அப்படியே எனக்காம். அப்பாவை வெட்டிட்டு ஒட்டியிருந்தா ஜெயிச்சிருப்பேன்னு சொன்னாங்க."

"வெட்டியிருக்கலாமே, நீ மட்டும் இருந்திருப்பே."

"வெட்ட மனசு வரலப்பா" என்றாள்.